இருமிக் காட்டிய இன்ஜினியர்

எங்கள் இயந்திரம் துறைமுகத்தில் வந்து இறங்கிய அதே வாரத்தில்தான் சீன எல்லையில் சண்டை நடந்தது. மலை மேல் உயிர்கள் போயின. அதைப் பற்றிக் கேலி பேச எனக்கு வாய் கிடையாது. நான் சொல்லப்போவது அந்த மலைக்கு வெகு கீழே, ஓசூர் ரோட்டில் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகைக்குள் நடந்த போரைப் பற்றி. அதில் உயிர்ச்சேதம் இல்லை. வீரம்தான் தேவைக்கு மேல் இருந்தது.

அங்கே ஒரு சிறிய தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிரிவு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், நானும் ஒரு கம்ப்யூட்டரும்தான். சீலிங் ஃபேனுக்குள் இருக்கும் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது எங்கள் தொழில். பதினான்கு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் சுற்றிக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் வாங்கும் ஃபேன் கம்பெனி திடீரென்று, இனிமேல் தானியங்கி மெஷினில் சுற்றியதுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டது. முதலாளி விசாரித்தார். ஜெர்மனி மெஷினின் விலையைக் கேட்ட அன்று அவர் மதியம் சாப்பிடவில்லை. சீன மெஷினின் விலையைக் கேட்ட அன்று இரண்டு மசால் தோசை சாப்பிட்டார். ஆர்டர் போட்டோம்.

முதலாளி கன்னடக்காரர். எங்களிடம் தமிழ் பேசுவார், அவசரம் வந்தால் கன்னடம் முந்திக்கொள்ளும். நல்ல மனிதர், ஆனால் மேடை கிடைத்தால் ஆள் மாறிவிடுவார். எல்லைச் சண்டைக்கு நாலாம் நாள், எங்கள் பகுதித் தொழிலதிபர்கள் கூட்டத்தில் அந்த நாட்டுப் பொருள் எதையும் இனித் தொடமாட்டோம் என்று கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். முன்வரிசையில் எங்கள் முதலாளி. அந்தப் படத்தை அவரே எனக்கு அனுப்பினார். ஐந்து நிமிடம் கழித்துப் போனில் கூப்பிட்டார்.

"மேடம், நம்ம மெஷின் போர்ட்ல இருக்கில்ல, அதை சொல்ப சத்தமில்லாம வெளிய எடுக்க முடியுமா பாருங்க."

சொல்ப என்றால் கன்னடத்தில் கொஞ்சம். சத்தமில்லாமல் எடுக்க அது ஒன்றும் மூக்குத்தி இல்லை. இரண்டு டன் எடையுள்ள மரப்பெட்டி. எங்களுக்காகச் சரக்கை விடுவிக்கும் ஏஜென்ட்டிடம் கேட்டேன். அந்த நாட்டிலிருந்து வந்த எல்லாவற்றையும் நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்றார். உத்தரவின் நகல் கிடைக்குமா என்றேன். எழுத்தில் உத்தரவு எதுவும் இல்லை, மேலே சொல்லியிருக்கிறார்கள் என்றார். மேலே என்றால் யார் என்றேன். மேலே என்றால் மேலேதான் என்றார்.

சாயங்காலம் மல்லேஸ்வரம் வீட்டில் அப்பாவிடம் இதைச் சொன்னேன். அப்பா மாநில அரசில் முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். அரசாங்கத்தைக் குறை சொன்னால் தன் கையெழுத்தைக் குறை சொன்னதாக எடுத்துக்கொள்வார். எழுதாத உத்தரவுதான் உள்ளதிலேயே பலமான உத்தரவு என்று எனக்கு விளக்கினார். எழுதினால் யாராவது கோர்ட்டுக்குப் போவார்கள், எழுதாததை எதிர்த்து எங்கே போவது? தானே அப்படிப் பல உத்தரவுகளை நிறைவேற்றியிருப்பதாக, சம்பள உயர்வைச் சொல்வது போலப் பெருமையாகச் சொன்னார்.

அந்த வாரம் அப்பாவும் போரில் இறங்கியிருந்தார். கொசு அடிக்கும் பேட்டின் கைப்பிடியில் அந்த நாட்டின் பெயரைப் பார்த்துவிட்டு அதைக் குப்பை வண்டியில் போட்டார். இரவெல்லாம் கையால் கொசு அடித்தார். இரண்டு நாள் கழித்து, அவர் காதில் மாட்டியிருந்த கருவியும் அங்கே செய்தது என்று நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் காது கேட்காதது போல் இருந்தார். பிறகு, மருத்துவ உபகரணங்களுக்கு எப்போதுமே விலக்கு உண்டு என்றார்.

பெட்டி ஒருவழியாக விடுபட்டு, மழை பிடிக்கும் நேரத்தில் பொம்மசந்திரா வந்து சேர்ந்தது. பக்கமெல்லாம் பெரிய பெரிய சீன எழுத்துகள். லாரி உள்ளே நுழைந்ததும் முதலாளி முதலில் கேட்டது கிரேனை இல்லை, பெயின்ட்டை. எழுத்துகளின் மேல் பச்சை பூசி, அதற்கு மேல் தார்ப்பாய் போட்டு மூடினோம். பார்க்க வருகிறவர்கள் என்ன இது என்று கேட்டால் ஜெனரேட்டர் என்று சொல்லும்படி ஏற்பாடு.

ஆனால் பெட்டியை நாங்களே பிரிக்க முடியாது. ஒப்பந்தத்தில் தெளிவாகப் போட்டிருந்தது: பெட்டியைத் திறந்து இயந்திரத்தை நிறுவ அவர்களுடைய இன்ஜினியர்தான் வர வேண்டும், நாங்கள் கை வைத்தால் உத்தரவாதம் போய்விடும். இன்ஜினியர் வர விசா வேண்டும். விசாவுக்கு நான் எழுதிய கடிதங்களைச் சேர்த்தால் ஒரு நாவல் தேறும். படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: இந்த வேலையை இந்தியர் ஒருவரால் செய்ய முடியாதது ஏன்? முதல் தடவை, அந்த மெஷினை இந்தியர் யாரும் இதுவரை பார்த்ததில்லை என்பதால், என்று உண்மையை எழுதினேன். திரும்பி வந்தது. இரண்டாம் தடவை, நம்மவர்களால் எல்லாம் முடியும், ஆனால் ஒப்பந்தம் இடம் கொடுக்கவில்லை என்று பணிவாக எழுதினேன். அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவது திரும்பவே இல்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பெட்டி கொட்டகை மூலையில் கிடந்தது. பெண்கள் அதன் மேல் டிபன் பாக்ஸ் வைத்துக்கொண்டார்கள். வெளியே ஓசூர் ரோட்டில் மெட்ரோவுக்குத் தூண் எழும்பிப் பாலம் வந்துகொண்டிருந்தது. அந்த ரயில் பெட்டிகளும் அதே நாட்டுக் கம்பெனி செய்ய வேண்டியவை, அவர்கள் ஆட்களுக்கும் விசா சிக்கல் என்று பேப்பரில் படித்தோம். ஆகவே நாங்கள் ஒரு மரப்பெட்டிக்குக் காத்திருந்தோம், ஊர் முழுக்க ரயில் பெட்டிக்குக் காத்திருந்தது. இத்தனைக்கும் இரண்டு நாட்டுக்கும் நடுவே வியாபாரம் குறையவில்லை, கூடிக்கொண்டே போகிறது என்று அதே பேப்பரின் உள்பக்கத்தில் வந்தது. முதல் பக்கத்தில் சண்டை, உள்பக்கத்தில் சரக்கு. பெட்டியைத் திறக்கத் தெரிந்த மனிதருக்கு மட்டும்தான் எல்லை மூடியிருந்தது.

ஃபேன் கம்பெனி கடைசிக் கெடு கொடுத்தது. அப்போது ஃபோர்மேன் முதலாளியிடம் போய், நாமே திறந்துவிடலாம் என்றார். அவர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். எந்த மெஷினையும் முதலில் மோந்து பார்த்துவிட்டுத்தான் ஸ்பானர் எடுப்பார். முதலாளி பயந்தார். நான் சீனக் கம்பெனிக்கு எழுதினேன்: வீடியோவில் வழிகாட்டினால் நாங்களே நிறுவிக்கொள்கிறோம், உத்தரவாதத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அங்கிருந்து ஆங்கிலம் தெரிந்த ஒரு பெண் பேசினாள். மிகவும் மரியாதையாக மறுத்தாள். இந்தியாவுக்குத் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்று அவர்களுக்கும் சொல்லியிருக்கிறார்களாம். எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, மேலே சொல்லியிருக்கிறார்கள் என்றாள். எனக்கு ஏனோ அவள் எங்கள் ஏஜென்ட்டின் தங்கை போலத் தோன்றினாள்.

இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். எங்கள் மெஷினுக்கென்று ஒதுக்கியிருந்த இன்ஜினியர் ஒரு வழி சொல்கிறார் என்றாள். அவர் தினமும் மதிய உணவு இடைவேளையில், அவர்கள் ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் அதே மாதிரி மெஷின் ஒன்றைத் தன் பயிற்சிக்காகப் பிரித்து மாட்டப்போகிறார். போன் தற்செயலாக எதிரே திறந்திருக்கும். நாங்கள் பார்த்தால் பார்க்கலாம். அவர் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்க மாட்டார், சொல்லிக்கொடுப்பதுதானே தடை.

எந்தச் செயலியில் பேசுவது என்பது அடுத்த சிக்கல். அவர்கள் செயலிகளை நம் அரசு தடை செய்திருந்தது. நாம் தினமும் பேசும் செயலியை அவர்கள் அரசு எப்போதோ தடை செய்திருந்தது. கடைசியில் இரண்டு அரசுகளும் தடை செய்ய மறந்துபோன ஏதோ ஒரு மீட்டிங் செயலியில் சந்தித்தோம். அவர்களுக்கு மதியம் பன்னிரண்டு மணி, எங்களுக்குக் காலை ஒன்பதரை.

ஐம்பது வயதிருக்கும் அந்த மனிதருக்கு. கண்ணாடி, நீலச் சட்டை, பக்கத்தில் ஒரு டப்பாவில் சோறு. எங்களைப் பார்த்துத் தலையை ஒரு தடவை ஆட்டினார். பிறகு நாங்கள் இருப்பதே தெரியாதவர் போல வேலையைத் தொடங்கினார். எங்கள் ஃபோர்மேன் பெட்டியை உடைத்தார். திரையில் அவர் ஒரு போல்ட்டைத் தூக்கிக் காட்டுவார், இங்கே இவர் அதே போல்ட்டைத் தேடி எடுப்பார். மூன்றாம் நாள் ஃபோர்மேன் ஒரு தட்டைத் திருப்பி மாட்டப் போனார். திரையில் இருந்தவர் இருமினார். ஃபோர்மேன் கையை நிறுத்தினார். தட்டைத் திருப்பினார். இருமல் நின்றது.

அதற்குப் பிறகு ஒரு வார்த்தை தேவைப்படவில்லை. இருமினால் தப்பு, சோற்றை வாயில் போட்டால் சரி. இருமல் சத்தம் கேட்டாலே உலகம் பத்தடி தள்ளி ஓடிய காலம் அது. எங்கள் கொட்டகையில் மட்டும்தான் அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஒன்பதாம் நாள் பெரிய குழப்பம். கம்பியை வழிநடத்தும் ஊசிகளை மாட்டும் வேலை. ஃபோர்மேன் மாட்டினார், அவர் இருமினார். கழற்றித் திருப்பி மாட்டினார், மறுபடி இருமினார். வேறு விதமாக மாட்டினார், அதற்கும் இருமல். நான்காம் தடவை ஃபோர்மேன் ஊசிகளைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார். திரையில் அந்த மனிதர் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி என்னவோ சொல்ல வந்தார், சொன்னால் சொல்லிக்கொடுத்ததாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டார், மூடியதும் மறுபடி இருமினார்.

எங்கள் பெண்களில் கை வேகமான ஒருத்தி இருந்தாள். ஓசூரிலிருந்து தினமும் வருகிறவள். அவள் எங்கள் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஃபோர்மேன், அவருக்கு சளி புடிச்சிருக்குது. மூக்கைப் பாருங்க, செவந்து கெடக்குது."

ஃபோர்மேன் முதலில் மாட்டியதைப் போலவே மறுபடி மாட்டினார். அந்த மனிதர் இருமிக்கொண்டே அவசர அவசரமாக ஒரு பெரிய கவளத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். எங்கள் கொட்டகையில் கைதட்டல். அவரும் சிரித்தார், அதனால் புரையேறி இன்னும் இருமினார்.

பன்னிரண்டாம் நாள் மெஷின் ஓடியது. பதினான்கு பேர் ஒரு நாள் முழுக்கச் சுற்றுவதை மதியத்துக்குள் சுற்றி முடித்தது. அதைப் பார்த்து எல்லோரும் கைதட்டியபோது அந்தப் பதினான்கு பேரும் கொஞ்சம் மெதுவாகத் தட்டினார்கள். பத்துப் பேரை முதலாளி பேக்கிங்குக்கு மாற்றினார். மூன்று பேர் தாங்களாகவே நின்றுகொண்டார்கள் என்று கணக்கு. ஓசூர்க்காரிக்கு மெஷினை இயக்கும் வேலை கிடைத்தது. சளியைக் கண்டுபிடித்ததற்கான பரிசு என்று ஃபோர்மேன் சொன்னார்.

திறப்பு விழாவை முதலாளி விடவில்லை. உறுதிமொழி எடுத்த அதே கூட்டத்தார் வந்தார்கள். தொழில் துறையிலிருந்து ஓர் அதிகாரியும் வந்தார். வாசலில், முழுக்க முழுக்க இந்தியத் தொழிலாளர்களால் நிறுவப்பட்டது என்று கன்னடத்தில் பேனர். அது பொய் இல்லை, அதுதான் அதன் அழகு. மெஷினின் நெற்றியில் இருந்த பெயர்ப் பலகையின் மேல், ஒரு எழுத்தும் தெரியாதபடி நானே என் கையால் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். முதலாளி சுயசார்பு பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். ஃபோர்மேனுக்குச் சால்வை போர்த்தினார்கள். அவர் அதை மடித்து, எண்ணெய்க் கேன் மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

அந்த அதிகாரி உண்மையிலேயே நெகிழ்ந்துபோய், மற்றவர்களுக்கு நாங்கள் ஒரு முன்மாதிரி என்று அறிக்கை எழுதினார். அதன் பலன் ஆறு மாதத்தில் தெரிந்தது. முதலாளி இரண்டாவது மெஷின் வாங்க நினைத்து, இந்தத் தடவை முறையாக இன்ஜினியரை வரவழைப்போம் என்று என்னை விண்ணப்பிக்கச் சொன்னார். பதில் உடனே வந்தது. அத்தனை வருஷத்தில் எனக்கு உடனே வந்த ஒரே பதில் அது. முந்தைய இயந்திரத்தை இந்தியத் தொழிலாளர்களே வெற்றிகரமாக நிறுவியிருப்பதால் வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை. முதலாளி கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"நாவே மாடித ஸ்பீச்சு மேடம்," என்றார். நாமே பேசிய பேச்சு.

பிறகு இரண்டு நாட்டுத் தலைவர்களும் எங்கோ ஒரு மூன்றாவது நாட்டில் கை குலுக்கினார்கள். நேரடி விமானங்களைத் திரும்ப விடுவது என்று முடிவானது. பேச்சுவார்த்தை சுமுகமான சூழலில் நடந்ததாக அப்பா பேப்பரை என்னிடம் நீட்டினார், தானே நடத்திவைத்தது போல. அவர் ஒரு புதுக் கொசு பேட்டும் வாங்கிவந்தார். கைப்பிடியை நானும் பார்க்கவில்லை, அவரும் காட்டவில்லை. எனக்கு ஒரு நாள் மின்னஞ்சல் வந்தது: பல வருஷத்துக்கு முன் போய்த் திரும்பாமல் இருந்த என் மூன்றாவது விண்ணப்பத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

எப்போதோ நிறுவி ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை நிறுவ அந்த மனிதர் வந்தார். அனுமதி வீணாகக் கூடாது என்று முதலாளிக்குப் பிடிவாதம். வாசலில் இப்போது சீன மொழியில் வரவேற்பு பேனர். அதன் கடைசி எழுத்து தலைகீழாக இருந்ததாம். அவர் அதைப் பார்த்து ஒரு தடவை இருமினார். ஃபோர்மேன் சிரித்ததை அன்றுதான் நான் முதலில் பார்த்தேன். இரண்டு பேரும் மெஷினைச் சுற்றி வந்தார்கள். ஒரு ஊசியில் தேய்மானம் இருந்ததை அவர் விரலால் காட்டினார். தெரியும் என்பதற்கு ஃபோர்மேன் தன் மேஜையிலிருந்து மாற்று ஊசியை எடுத்துக் காட்டினார்.

மதியம் சாப்பிடும்போது, போனில் இருந்த மொழிபெயர்ப்பை வைத்து, அன்றைக்கு ஏன் எங்களுக்கு உதவினீர்கள் என்று கேட்டேன். மனிதாபிமானம், நட்பு என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தயிர் சாதத்தைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே பேசினார். போன் மொழிபெயர்த்தது: இந்தியாவிலிருந்து ஆர்டர்கள் நின்றதால் எங்கள் பிரிவில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மெஷின் பெட்டியிலேயே கிடந்தால் நீங்கள் இரண்டாவது மெஷின் வாங்கமாட்டீர்கள். அடுத்த பட்டியலில் என் பெயர் இருந்தது.

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. இத்தனை வருஷத்தில் இரண்டு பக்கத்திலும் யாரும் இவ்வளவு நேராக எனக்குப் பதில் சொன்னதில்லை.

அவர் ஊருக்குப் போன கொஞ்ச நாளில் நம் சண்டை வேறு பக்கம் திரும்பியது. ஏதோ ஒரு நாட்டிடம் கச்சா எண்ணெய் வாங்கியதற்காக அமெரிக்கா நம் பொருள்களுக்குக் கடுமையான வரி போட்டது. எங்கள் ஃபேன் கம்பெனி பாதி ஃபேனை அங்கேதான் அனுப்பிக்கொண்டிருந்தது. ஆர்டர் பாதியானது. தொழிலதிபர்கள் மறுபடி கூடினார்கள். இந்தத் தடவை உறுதிமொழி கொஞ்சம் தயக்கமாக இருந்ததாகக் கேள்வி. பாதிப் பேரின் பிள்ளைகள் அங்கே படித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி தன் பங்குக்கு, ஒரு கறுப்புக் குளிர்பானத்தை நிறுத்திவிட்டு எலுமிச்சை சோடாவுக்கு மாறினார்.

இரண்டாம் ஷிப்டை மூடினோம். அறிவிப்பைத் தமிழில் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. நாட்டின் நலனை முன்னிட்டு ஏற்பட்டுள்ள தற்காலிகச் சூழல் என்று முதலாளி எழுதியிருந்தார். நான் படித்து முடித்ததும் எல்லோரும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஓசூர்க்காரி மட்டும் என்னிடம் வந்தாள். அவள் இரண்டாம் ஷிப்டில் இருந்தாள்.

"எண்ணெய் யாரு மேடம் வாங்கனாங்க?"

"நாமதான். நம்ம நாடு."

"வெல கொறைச்சு வாங்கனாங்களா?"

"ஆமாம்னு சொல்றாங்க."

"எங்க ஊர்ல பெட்ரோல் வெல அப்படியேதான இருக்குது," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று தகவலாகச் சொன்னாள்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது, பொதுமக்களுக்கு இதெல்லாம் புரியாது என்றார். எனக்கும் புரியவில்லை, விளக்குங்கள் என்றேன். காதுக் கருவியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

அவள் பக்கத்திலேயே ஒரு துணிக் கம்பெனியில் சேர்ந்தாள். போன வாரம் போன் செய்தாள். அங்கே வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலையாம். அவர்கள் தைக்கும் சட்டையும் அமெரிக்காவுக்குத்தான் போகிறதாம்.

"இங்கயும் அதே நாடுதான் மேடம்," என்றாள்.

ஒக்கலிபுரத்தில் உள்ளூர்ப் பள்ளிகளுக்கு யூனிஃபார்ம் தைக்கும் ஒரு சிறிய இடம் எனக்குத் தெரியும். ஓசூரிலிருந்து ரயிலில் வந்தால் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். அதன் முகவரியைச் சொன்னேன். எழுதிக்கொண்டாள். அந்தப் பள்ளிகளெல்லாம் நம்ம ஊர்ப் பள்ளிகள்தானா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுவிட்டு, திங்கட்கிழமை போய்ப் பார்ப்பதாகச் சொன்னாள்.